'அரைப்பேர்' எப்படி 'பாதிப் பெயர்' ஆனது: முதல் புத்தகம் போட்டு நான் பட்ட பாடு

2022 நவம்பரில் இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் நிலையத்தில் ஆறு கட்டுப் புத்தகங்களை இறக்கி வைத்தேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை, அங்கேயே ஒரு கட்டின் கயிற்றை அறுத்து மேலே இருந்த பிரதியைத் திறந்து பொருளடக்கத்தைப் பார்த்தேன். நான்காவது கதைக்கு நான் வைத்த தலைப்பு 'அரைப்பேர்'. அங்கே 'பாதிப் பெயர்' என்று அச்சாகி இருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள், நான் மட்டும் அந்த இரண்டு சொல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை. வயிற்றுக்குள் என்னவோ இறங்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சொன்ன கிலோ கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். நான் பிறந்தது 1988இல். அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம்தான் முடிந்திருந்தது, மலைக்குப் போயிருந்தாள். பகல் நிறுவைக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றித்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அவளுக்கு விழுந்தது அரைப்பேர். "நீ பொறந்த அன்னிக்கு எனக்கு அரைப்பேர்தான் புள்ள" என்று அம்மா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். நான் எழுத வந்ததே அந்த ஒரு வரியை எப்படியாவது கதையாக்கிவிட வேண்டும் என்றுதான். அதைத்தான் யாரோ ஒருவர், நம் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, ஒரு நாளும் பார்க்காதவர், நல்ல மனசோடு 'திருத்தி' இருந்தார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வரும் நட்டக்கணக்கு வெறும் காசுக் கணக்காகத் தெரியும். அப்பா கவ்வாத்து வெட்டும் ஆள், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்து விடும் வேலை. கை சுத்தம் என்று கங்காணியே சொல்வார். பொழுது சாய்ந்தால் கசிப்பு, கள்ளச் சாராயம். 2009இல் போய்ச் சேர்ந்தார். அம்மா பதினான்கு வயதில் கூடை மாட்டி 2016இல்தான் இறக்கி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி, தன் பேரை மட்டும் எழுதுவாள். அண்ணன் கொழும்பில் கடையில் வேலை. நான் உயர்தரம் முடித்துவிட்டுப் பல வருசம் சும்மா இருந்து, 2015இல் ஆசிரிய உதவியாளர் நியமனம் கிடைத்து, மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா என்று வாங்கிக்கொண்டு, கொட்டகலையில் பயிற்சியும் முடித்து ஆசிரியர் ஆனேன். எழுதியது எல்லாம் இரவு அம்மா தூங்கின பிறகு, இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்தில், உட்கார்ந்து. ஒரே காம்பிராவில் (அறையில்) விளக்கைப் போட்டால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டு கதை சேர்ந்ததும் 2022 ஜனவரியில் ஒரு பதிப்பகத்தாரிடம் போனேன். பேர் சொல்லவில்லை, சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. 500 பிரதிக்கு 110,000 ரூபா கேட்டார். அப்போது எனக்குப் பதிப்பு வேலையில் எதுவுமே தெரியாது. புத்தகம் போட எழுத்தாளர் காசு கொடுக்க வேண்டும் என்பதே எனக்குப் புதுசு, ஆனால் விசாரித்ததில் எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். ஒன்றரைப் பவுண் சங்கிலியை அடகு வைத்து 90,000 வாங்கினேன், மிச்சத்தைச் சீட்டுக் காசில் போட்டேன். ரசீது ஒன்று தந்தார், அதில் 'நூல் வெளியீட்டுக்காக' என்று மட்டும் இருந்தது. எத்தனை பிரதி, எத்தனை பக்கம், என்ன தாள், எப்போது தருவார், ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. பெரிய மனிதர், கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்று கூச்சம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், விழுந்த கணக்கைக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆட்களின் பிள்ளைகள்தானே நாம்.

அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். மார்ச்சில் ரூபா சரிந்தது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். ஏப்ரலில் பதிப்பகத்தார் போன் எடுத்து இன்னும் 75,000 வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, தாள் விலை உண்மையிலேயே எங்கேயோ போய்விட்டது. ஆனால் ஜனவரியிலேயே முழுக் காசும் கொடுத்தாயிற்று, அப்போதே தாள் வாங்கி வைத்திருந்தால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு கூட்டாளியிடம் கடன் வாங்கி அனுப்பினேன். ஜூன், ஜூலையில் பஸ் ஓடவில்லை, பெட்ரோல் இல்லை, கொழும்புக்குப் போய் ஒரு எட்டுப் பார்க்கவும் வழி இல்லை. கடைசியில் நவம்பரில் வந்தது 300 பிரதி. "இந்த விலைவாசியில் இவ்வளவுதான் முடிந்தது டீச்சர்" என்றார். 500க்கு எழுத்து எங்கே என்று நான் காட்ட முடியாதே.

ஆகவே காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் எல்லாம் வேண்டாம், சாதாரண ஏ4 தாள் போதும். எத்தனை பிரதி, எத்தனை பக்கம், உள்தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), அட்டை எப்படி, எந்தத் திகதிக்குள் வரும், விலை கூடினால் யார் பொறுப்பு, பிரதி குறைந்தால் எவ்வளவு திருப்பித் தருவார், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். காசை மூன்றாகப் பிரியுங்கள்: தாள் வாங்க ஒரு பங்கு, படி திருத்தம் முடிந்ததும் ஒரு பங்கு, புத்தகம் கைக்கு வந்து எண்ணிப் பார்த்த பிறகு கடைசிப் பங்கு. இன்னொன்றும் உண்டு, எனக்கு யாரும் சொல்லித்தராதது. அச்சில் பாரக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, ஒரு பாரம் 16 பக்கம். என் புத்தகம் 130 பக்கம். எட்டுப் பாரம் 128இல் முடிந்துவிடும், அந்த இரண்டு பக்கத்துக்காக ஒன்பதாவது பாரத்துக்கும் காசு கட்டினேன், கடைசியில் 14 பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. முன்னுரையில் ஒரு பந்தியைக் குறைத்திருந்தால் போதும், அந்தக் காசு மிச்சம்.

இனி அந்தத் திருத்தத்துக்கு வருகிறேன். எனக்கு வலி இதில்தான், காசில் இல்லை. நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது சில இடத்தில் கொம்பும் காலும் இடம் மாறிவிட்டன. சரி செய்ய ஒருவரை அமர்த்தினார்கள். அவர் எழுத்துப்பிழையோடு சேர்த்து எங்கள் பேச்சையும் திருத்திவிட்டார். 'பெரட்டுக்களம்' 'கூட்டத் திடல்' ஆனது. 'பிள்ளைக் காம்பிரா' 'குழந்தைகள் காப்பகம்' ஆனது. 'இஸ்தோப்பு' எல்லா இடத்திலும் 'தாழ்வாரம்'. 'அரைப்பேர்' என்றால் ஒருவருடைய பெயரில் பாதி என்று நினைத்திருக்கிறார். கதையின் கடைசியில் கணக்கப்பிள்ளை "இவளுக்கு அரைப்பேர் போடு" என்று சொல்லும் இடம், புத்தகத்தில் "இவளுக்குப் பாதிப் பெயரை எழுது" என்று இருக்கிறது. படித்தவர்களில் இரண்டு பேர் என்னிடம், அது என்ன குறியீடா டீச்சர் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இஸ்தோப்பில் உட்கார்த்தி வைத்து அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். அச்சில் இருந்த மாதிரியே வாசித்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அம்மா பிளேன்டி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் ஆள்காட்டி விரலில் கொழுந்துக் கறை இறங்கின வெடிப்பு இருக்கும், வேலையை விட்டு ஆறு வருசம் ஆகியும் அது போகவில்லை, கோப்பையின் விளிம்பை அந்த விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். 'நான் மிகவும் களைப்படைந்துவிட்டேன்' என்று கதையில் வரும் பொம்பளை சொல்லும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "யாரு புள்ள இது?" என்றாள். நீதாம்மா என்றேன். "நான் எங்க இப்பிடிப் பேசுனேன்? ஒடம்பு அசந்து போச்சுன்னுல்ல சொன்னேன்." அவ்வளவுதான், கோபப்படவில்லை, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுதியதும் 'ஒடம்பு அசந்து போச்சு' என்றுதான்.

இது நடக்காமல் இருக்க நான் என்ன செய்திருக்கலாம் என்று நிறைய யோசித்தேன். முதலாவது, யூனிகோடிலேயே தட்டச்சு செய்திருக்கலாம், போனிலேயே முடியும். இரண்டாவது, படி திருத்தும் ஆளிடம் போவதற்கு முன்னால், மாற்றக்கூடாத சொற்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கலாம். இப்போது என்னிடம் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, பேர், அரைப்பேர், பெரட்டு, தொங்கல், கொந்தரப்பு, கவ்வாத்து, படங்கு என்று அறுபது சொல் வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருளோடு. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அச்சுக்குப் போகும் கடைசிப் படியை வாட்ஸ்அப்பில் பார்த்து சரி என்று சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, பொருளடக்கத்தில் இருந்து பின்னட்டை வரை வாய்விட்டு வாசியுங்கள். எனக்கு அந்தப் படியை அனுப்பத்தான் செய்தார்கள், ஓகஸ்டில், மின்வெட்டு நேரத்தில். போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு சரி என்று பதில் போட்டேன். அந்த ஒரு சரிக்குப் பிறகு சண்டை பிடிக்க எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது.

உரிமை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, 2023இல் ஒரு கதையை மொழிபெயர்க்க ஒருவர் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்குத்தான், எங்கேயும் பதிய வேண்டியதில்லை, நம் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருசமும் அது நிற்கும். அதைக் கைமாற்றுவதானால் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே உரிமை என்னிடமேதான் இருந்தது. இது தெரியாமல் நான்கு மாதம் பயந்து கிடந்தேன். ஐஎஸ்பிஎன் எண்ணும் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) அப்படித்தான், பதிப்பகம் தந்தால்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகத்தில் எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பித்து எடுக்கலாம். புத்தகம் வெளியிட உதவித் திட்டமும் அங்கே இருக்கிறது, கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொடுக்கும் முன்னாலேயே அதைப் பற்றி விசாரியுங்கள், நான் விசாரிக்கவில்லை.

பேர் விசயத்தில் இன்னொரு சின்னச் சிக்கல், ஆனால் தோட்டத்தில் பிறந்த பாதிப் பேருக்கு இது இருக்கும். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இரண்டு எழுத்து மாறி இருக்கிறது, அடையாள அட்டையிலும் அதே பிழை, புத்தகத்தில் நான் போட்டது வீட்டில் கூப்பிடும் சரியான பேர். ஒரு புத்தகக் கடை விற்ற பிரதிகளுக்குக் காசோலை தந்தபோது புத்தகத்தில் இருந்த பேரையே எழுதிவிட்டார்கள், வங்கி எடுக்கவில்லை, மாற்றி வாங்க ஏழு வாரம். ஒப்பந்தத்திலும் கடையிலும் அடையாள அட்டைப் பேரையும் எழுதும் பேரையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

வெளியீட்டு விழா 2023 ஜனவரியில். மலையகத்துக்கு 200 வருசம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம், 1823இல் கோப்பிக் காட்டுக்கு வந்த ஆட்களில் இருந்து கணக்கு. அதனால் கூட்டம் நன்றாகவே வந்தது. மண்டபம், தேநீர், அழைப்பிதழ், பேச்சாளர் போக்குவரத்து என்று 38,000 ரூபா போனது. வந்தவர்கள் கவரில் வைத்துத் தந்தது 61,000. இது நல்ல வரவுதான், விழா வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதற்பிரதி வாங்க ஒருவரை நம்பிச் செலவைத் திட்டமிடாதீர்கள், எனக்கு அவர் கடைசி நேரத்தில் வரவில்லை.

அந்த மேடையில் அம்மா இருந்தாள், அண்ணன் இல்லை. அண்ணனுக்கு அப்பாவைப் பற்றிய கதைதான் பிரச்சினை. அதில் சம்பள நாள் இரவு அப்பா கவ்வாத்துக் கத்தியை அடகு வைத்துக் குடித்துவிட்டு வருவார், மறுநாள் அம்மா தன் கைக்காசைக் கொடுத்து அதை மீட்டு, கூர் தீட்டி அவர் கையில் கொடுப்பாள். நடந்ததுதான். கொழும்பில் அண்ணனோடு வேலை செய்யும் ஒருவர் படித்துவிட்டு, இது உங்கள் அப்பாவா என்று கேட்டிருக்கிறார். "அப்பாவ ஊருக்கே வித்துட்டியே தங்கச்சி" என்று ஒரே ஒரு தடவை போன் எடுத்துச் சொன்னான். பிறகு எட்டு மாதம் பேச்சு இல்லை. குடும்பத்தைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஒவ்வொரு வரிக்கும் அனுமதி வாங்க வேண்டாம், வாங்கப் போனால் ஒரு வரியும் மிஞ்சாது. ஆனால் அச்சாவதற்கு முன்னால் உங்கள் வாயால் அவர்கள் காதில் ஒரு தடவை விழுந்திருக்க வேண்டும். அண்ணனுக்குக் கதையில் கோபம் இல்லை, ஒரு வெளி ஆள் மூலம் தெரிந்ததில்தான் கோபம். இப்போது பேசுகிறான், வந்தால் தங்கிவிட்டும் போகிறான், அந்தக் கதையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை.

காசுக் கணக்கை மறைக்காமல் போட்டுவிடுகிறேன். பதிப்பகத்துக்கு இரண்டு தடவையாக 185,000, கொண்டுவந்த கூலி 6,500, விழா 38,000, மொத்தம் 229,500. வந்தது கவர் 61,000, கடைகளில் விற்றது 14,700. கடைக்காரர்கள் என்னிடம் 35 சதவீதம் கழிவு எடுத்தார்கள், அதையும் விலை போடும்போது யோசிக்க வேண்டும். கையை விட்டுப் போனது 153,800. சங்கிலியை மீட்க ஒன்றரை வருசம் ஆனது, வட்டி மட்டும் 31,000. ஆக 184,800 ரூபா.

ஆனால் திரும்பி வராதது ஒரு படம். என் அம்மாச்சியும் பெரியம்மாவும் அம்மாவும் 1972இல் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எங்கள் ஆட்களைப் பிரித்தார்கள், மிச்சம் வைத்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அம்மாச்சி வீட்டார் இங்கே பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார்கள், பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனாள் பெரியம்மா. போவதற்கு முந்தின வாரம் எடுத்த படம் அது, ஒரே ஒரு பிரதிதான். அட்டைக்குப் போடலாம் என்று மூலப் படத்தையே கொடுத்தேன். அட்டையில் அது வரவும் இல்லை, படம் திரும்பக் கிடைக்கவும் இல்லை. அலுவலகம் மாறும்போது எங்கேயோ போய்விட்டதாம். போனில் கூட ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் கொடுத்தேன். தயவுசெய்து யாருக்கும் மூலத்தைக் கொடுக்காதீர்கள், படமோ கடிதமோ பழைய பாஸ்போட்டோ, பிரதி எடுத்துக் கொடுங்கள், மூலம் கேட்டால் நீங்களே எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து ஸ்கேன் செய்து கையோடு கொண்டுவாருங்கள்.

2024இல் நானே இரண்டாம் பதிப்பு போட்டேன். 200 பிரதி, சரியாக எட்டுப் பாரம், ஐஎஸ்பிஎன் என் பேரில், சொற்பட்டியல் கடைசியில். அச்சகத்துக்கே நேரில் போய் ஒவ்வொரு பாரமாகப் பார்த்தேன். 'அரைப்பேர்' 'அரைப்பேர்' என்றே இருக்கிறது. படம் இல்லாததால், அதில் என்ன இருந்தது என்று அம்மாவைச் சொல்லச் சொல்லி, அவள் சொன்ன மாதிரியே முதல் பக்கத்தில் போட்டேன். அம்மாச்சி நாற்காலியில், பெரியம்மா வலப்பக்கம், அம்மா இடப்பக்கம். "செருப்பு ஒரு சோடிதான் இருந்துச்சு. அக்கா கப்பல்ல போறவன்னு அவ போட்டுக்கிட்டா. நான் காலை நாற்காலிக்குப் பின்னால மறைச்சுக்கிட்டேன், படத்துல என் காலு இருக்காது."